தனக்கோடியின் பதினோராம் மாதம்

தனக்கோடியின் வயிறு பத்து மாதத்தைத் தாண்டிப் பதினோராம் மாதத்துக்குள் போய்விட்டது. பிள்ளை வருகிற வழியைத்தான் காணோம்.

இதற்காகக் கவலைப்பட்ட ஒரே ஜீவன் நண்டுக்குப்பத்தில் அவள்தான். மற்ற எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கினார்கள். குப்பம் என்றால் பெரிய ஊர் ஒன்றும் இல்லை. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்த மணல் திட்டு, அதன் மேல் கொஞ்சம் பனை, கொஞ்சம் குடிசை, நிறைய வாய். எதிர்க்கரையில் பழவேற்காடு. அங்கே டச்சுக்கார ஒல்லாந்தர் கோட்டை, அதன் உச்சியில் காற்றில் படபடக்கும் அவர்கள் கொடி. கோட்டைக்குள் பீரங்கி இருக்கிறது, மூட்டை மூட்டையாகச் சாயத்துணி இருக்கிறது என்றெல்லாம் சொல்வார்கள். தனக்கோடிக்கு அதில் அக்கறை இல்லை. அங்கே ஒரு வைத்தியத் துரை இருக்கிறார் என்பது மட்டும்தான் இப்போது அவளுக்கு முக்கியமாகப் பட்டது.

குப்பத்துக்கு ஏன் அத்தனை நிம்மதி என்று சொல்ல வேண்டும். ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். கல்யாணமாகி ஏழு வருஷம் வெறும் வயிற்றோடு இருந்த தனக்கோடி ஒரு நாள் காலையில் கருவாட்டு வாசனைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். அன்றைக்கு அவள் புருஷன் செங்கல்வராயனுக்கு முகத்துவாரத்துப் பாடு விழுந்தது. வலையை இழுக்க ஆள் போதாமல் குப்பமே ஓடியது. அத்தனை மடவை மீன். கரையில் கொட்டியதும், பிறக்கும் முன்பே இப்படி மீனை ஓட்டிக்கொண்டு வருகிற பிள்ளை பிறந்தால் என்னதான் செய்யாது என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். வயிறும் மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டு வந்தது. அப்புறம் யார் சொன்னால் கேட்பார்கள்? அந்தப் பிள்ளையை விட்டுக்கொடுக்கக் குப்பத்தில் ஒருவரும் தயாராக இல்லை.

எல்லோரையும்விடத் தயாராக இல்லாதவள் மாமியார் முத்தம்மாள். மீன் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் பேச ஆரம்பித்தால் ஏரிக்காற்றே வாயை மூடிக்கொள்ளும். வாந்திக்கு முந்தின வாரம்தான் அவள் ஆரம்பாக்கம் போய் மகனுக்கு இரண்டாம் தாரமாக ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். வாந்திக்கு மறுநாள் அந்தப் பேச்சை அப்படியே நிறுத்திவிட்டாள். மருமகளுக்கு முதல் சோறு, சுறாப்புட்டில் பெரிய பங்கு, தண்ணீர்க்குடம் தூக்க வேண்டாம், வெயிலில் நிற்க வேண்டாம். ஏழாம் மாதத்தில் இரண்டு கை நிறைய வளையல் போட்டார்கள். வளையல் போட்டவள் படகில் கால் வைக்கக் கூடாது, வைத்தால் பாடு கெடும். இது அந்தக் குப்பத்துக் கட்டு. அன்றிலிருந்து தனக்கோடி எதிர்க்கரையைக் கண்ணால் பார்த்ததோடு சரி.

"அத்தே, உள்ள ஒண்ணும் அசையவே மாட்டேங்குதே," என்று ஒரு நாள் தனக்கோடி கேட்டுப் பார்த்தாள்.

"எங்க ஊட்டுப் புள்ளைங்க அப்படித்தான். உன் புருசன் என் வயித்துல ஒரு தபா கூட ஒதைச்சது இல்ல. இப்ப மட்டும் இன்னா, தானா எழுந்து வேலைக்குப் போறானா?"

"பத்து மாசம் தாண்டிப் போச்சே அத்தே."

"நீ கணக்குப் போட்டது தப்பு."

"நடுவுல நடுவுல கொஞ்சம் தீட்டு கூட..."

"சில பேருக்கு அப்படி வரும். வாய மூடினு சோத்தத் துன்னு."

அவ்வளவுதான் பேச்சு. தனக்கோடிக்குச் சில நாள் நம்பிக்கை வரும். வயிற்றைத் தடவிக்கொண்டு, சோம்பேறியாக இருந்தால் என்ன, மெதுவாக வரட்டும் என்று நினைப்பாள். சில நாள், முதலில் இடது பக்கம் எலுமிச்சம்பழம் மாதிரி கையில் தட்டுப்பட்டது இப்படி ஊதி நிற்கிறதே, இது என்ன எழவு என்று பயம் பிடித்துக்கொள்ளும். பிள்ளை இல்லையென்றால் ஆரம்பாக்கத்துப் பெண் வந்துவிடுவாள். பிள்ளையும் இல்லாமல் வேறு ஏதோ என்றால் உயிரே போய்விடுமோ என்னவோ. இரண்டு பயத்தையும் தூக்கிக்கொண்டு திரிவதைவிட எதிர்க்கரைக்குப் போய்க் கேட்டுவிடுவது மேல் என்று ஒரு காலையில் அவளுக்குத் தோன்றிவிட்டது.

"ரோசியக்காகிட்ட வயித்தக் காட்டணும்யா," என்றாள் புருஷனிடம். ரோசி பழவேற்காட்டில் பிரசவம் பார்க்கிறவள், சட்டைக்காரி. அப்பன் வழியில் பறங்கி ரத்தம், அம்மா வழியில் இந்த ஊர் நாக்கு. தனக்கோடி மீன் விற்கப் போன காலத்தில் ஒவ்வொரு மீனின் செவுளையும் தூக்கித் தூக்கிப் பார்த்து அவள் மானத்தை வாங்கியவள்.

செங்கல்வராயன் தலையைச் சொறிந்தான். நல்லவன். ஆனால் அம்மா, பாடு, குப்பம் மூன்றுக்கும் ஒரே அளவில் பயப்படுகிறவன். "படகுல ஏறக் கூடாதே மே."

"யார் ஏறப் போறா? நடந்து போறேன்."

சொன்னபடியே செய்தாள். இறால் தடவுகிற பெண்கள் தினமும் இறங்குகிற தண்ணீர்தானே அது. பெரும்பாலான இடத்தில் இடுப்பளவு, சில இடத்தில் முழங்கால். ஓலைப்பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் கையால் தடவி இறால் பிடித்து வளர்ந்தவளுக்கு ஏரியில் நடக்கவா சொல்லித்தர வேண்டும்? புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வயிறு முன்னால் மிதக்க அவள் இறங்கியதும் செங்கல்வராயனுக்கு மனசு கேட்கவில்லை. காலிப் படகைத் தள்ளிக்கொண்டு பக்கத்திலேயே வந்தான்.

நடுவில் ஓடைவாய் ஒன்று. அங்கே தண்ணீர் கழுத்துக்கு வந்தது.

"படகோட ஓரத்தப் புடிச்சிக்கோ," என்றான். "ஏறுனாத்தான் தப்பு. புடிச்சிக்கினு வந்தா தப்புன்னு யாரும் சொல்லல."

"இத ஒங்கம்மாகிட்ட சொல்லிப் பாரேன்."

அவன் கழியை ஊன்ற, அவள் படகோரத்தைப் பிடித்துக்கொண்டு மிதக்க, வழியில் வந்த ஒரு படகுக்காரன் இவர்களைப் பார்த்துவிட்டுத் தன் கழியைத் தவறவிட்டான். தனக்கோடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல நாளுக்குப் பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள். பெரிய வயிறு, நன்றாகவே குலுங்கியது.

கரையேறியதும் செங்கல்வராயன் படகோடு துறையிலேயே நின்றுகொண்டான். கோட்டைச் சிப்பாயைக் கண்டால் அவனுக்கு ஆகாது. தனக்கோடி ஈரப்புடவையோடு ரோசி வீட்டு வாசலில் போய் நின்றாள். ரோசி சமையலுக்கு வாங்கின மடவையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, மீன் விக்கறவ மீன் மாரியே நனைஞ்சினு வந்திருக்க?"

விஷயத்தைக் கேட்டதும் ரோசியின் கிண்டல் நின்றது. பாயில் படுக்கச் சொன்னாள். இரண்டு கையாலும் வயிற்றை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே அழுத்திப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். தனக்கோடி கூரையில் இருந்த ஓலைகளை வெறித்துக்கொண்டு கிடந்தாள்.

"தலையும் இல்ல, காலும் இல்ல," என்றாள் ரோசி கடைசியில். "புள்ள இல்ல தனக்கோடி. பொய் சொல்ல எனக்கு மனசு வரல."

தனக்கோடிக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்திருந்தும் அதை இன்னொரு வாய் சொன்னபோது அவளுக்குத் தாங்கவில்லை. ஓவென்று அழுதாள். ரோசி தடுக்கவில்லை. அழுது ஓய்ந்ததும், மூக்கைச் சிந்திவிட்டு, "அப்ப இது இன்னாக்கா?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரிஞ்சது புள்ள பொறக்கற வேலைதான். வா, தொரைய கேக்கலாம்."

போகிற அவசரத்தில் ரோசி மீனையும் கையிலேயே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வைத்தியத் துரை கோட்டை வாசலை ஒட்டிய ஒரு கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். அந்த வெயிலிலும் தடித்த கறுப்புச் சட்டை, கழுத்துவரை பொத்தான், வேர்வை ஆறாக ஓடியது. பக்கத்தில் சின்ன ரம்பமும் பெரிய ரம்பமும். தனக்கோடிக்குத் திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் துரையின் முகத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது. இவ்வளவு வேர்க்கிற மனுஷன் பொல்லாதவனாக இருக்க முடியாது என்று அவளாக முடிவு செய்துகொண்டாள்.

ரோசியும் துரையும் பறங்கி பாஷையில் பேசிக்கொண்டார்கள். ரோசிதான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொன்னாள். துரை புடவைக்கு மேலேயே ஒரு பக்கம் உள்ளங்கையை வைத்து, மறுபக்கம் விரலால் சுண்டினார். உள்ளே ஒரு அலை எழுந்து இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போனது. தனக்கோடிக்கே அது தெரிந்தது.

"தண்ணியாம்," என்றாள் ரோசி. "மொதல்ல எந்தப் பக்கம் வந்துச்சின்னு கேக்கறாரு."

"எடது பக்கம். எலுமிச்சம்பழம் கணக்கா."

துரையின் கண் பளிச்சென்றது. எதையோ காட்ட வேண்டும் என்று இங்கும் அங்கும் தேடினார். ரோசியின் கையில் இருந்த மடவை கண்ணில் பட்டது. கேட்காமல் கொள்ளாமல் பிடுங்கி மேசையில் போட்டு வயிற்றைக் கீறினார்.

"ஐயோ, என் கொழம்பு!" என்றாள் ரோசி.

உள்ளே மஞ்சளாக இரண்டு சினை, பக்கத்துக்கு ஒன்றாகப் படுத்திருந்தது. துரை அவற்றைக் காட்டினார், பிறகு தனக்கோடியின் வயிற்றில் இரண்டு பக்கமும் காட்டினார். பெண்களுக்கும் உள்ளே இந்த மாதிரி இரண்டு இருக்கிறதாம். முட்டை ஊறுகிற இடமாம். அவர்கள் சீமையில் இப்போதுதான் அதைப் பெரிய விஷயமாகப் பேசிக்கொள்கிறார்களாம். அதில் ஒன்றில் தண்ணீர் கோத்துக்கொண்டு, பையாக ஊதி, வயிறு முழுக்க நின்றுவிடுமாம். செத்துப்போன ஒருத்தியை அறுத்துப் பார்த்தபோது துரை தன் கண்ணாலேயே கண்டிருக்கிறாராம்.

"செத்துப்போனவளா?" என்றாள் தனக்கோடி.

"அவ வேற சீக்குல செத்தாளாம்டி. இந்தப் பைய வருசக் கணக்கா வெச்சினு சந்தைக்குப் போயினு வந்துனு இருந்தாளாம்."

தனக்கோடிக்குப் போன உயிர் கொஞ்சம் திரும்பி வந்தது. மீனுக்கு இருப்பது மனுஷிக்கும் இருந்துவிட்டுப் போகட்டும், அதில் அவளுக்கு ஒன்றும் சிரமம் இல்லை. பயத்துக்கு ஒரு உருவம் கிடைத்துவிட்டது. கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். குப்பத்தில் வாயை மூடு வாயை மூடு என்று சேர்த்து வைத்திருந்த கேள்வியெல்லாம் மடை திறந்து வந்தது. ரோசிக்கு மூச்சு வாங்கியது.

"அறுத்து எடுத்துட முடியாதா?"

"உயிரோட இருக்கறவள அறுத்து அத எடுக்கறவன் இன்னும் பொறக்கலையாம்."

"மருந்து?"

"கசாயம் வோணும்னா குடுப்பாராம். வாந்தி வரும், வயித்தால போவும், பை மட்டும் இருந்த எடத்துலயே குந்தினு இருக்கும்."

"அப்ப இன்னாதான் பண்ணுவாரு?"

துரை ஒரு குழாய் ஊசியை எடுத்துக் காட்டினார். நீளமாக இருந்தது. அதைக் குத்தினால் தண்ணீர் வடிந்து வயிறு லேசாகும். ஆனால் மறுபடியும் ஊறலாம். சிலருக்குக் குத்தின இடம் புழுத்து, காய்ச்சல் கண்டு, போய்ச் சேர்ந்தும் விடுவார்கள். துரை அதை ஒளிக்கவில்லை. சும்மா விட்டால் சிலது அப்படியே நிற்கும், சிலது தானாக வற்றும், சிலது வளரும். பை முறுக்கிக்கொண்டால் திடீரென்று உயிர் போகிற வலி வரும்.

"இவரு பொண்டாட்டியா இருந்தா இன்னா பண்ணுவாருன்னு கேளுக்கா."

ரோசி கேட்டதும் துரை முதன்முறையாகச் சிரித்தார். மூச்சு முட்டுகிறதா, தூக்கம் வருகிறதா, சோறு இறங்குகிறதா என்று கேட்டார். எப்படி இங்கே வந்தாய் என்றும் கேட்டார். ஏரியை நடந்தே கடந்து வந்தாள் என்று ரோசி சொன்னதும் துரை ஊசியைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டார்.

"ஏரியத் தாண்டி நடந்து வரவளுக்கு இன்னிக்கு ஊசி வேணாமாம். மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டணுமாம். படுத்தா மூச்சு முட்டுச்சின்னாலோ, வலி வந்தாலோ அன்னிக்கே ஓடியாரணும். அப்ப குத்தறதா வேணாமான்னு நீதான் சொல்லணுமாம்."

கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. அதைக் கேட்கும்போது மட்டும் தனக்கோடியின் குரல் இறங்கிவிட்டது. "இன்னொரு பக்கம் ஒண்ணு இருக்கே. அது நல்லா இருந்தா... புள்ள பொறக்குமா?"

துரை மேசையில் கிடந்த இரண்டாவது சினையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கையை விரித்தார்.

"தெரியலையாம்," என்றாள் ரோசி. "பொறக்கவும் பொறக்கலாம்."

தெரியாததைத் தெரியாது என்று சொன்னாரே, அதற்காகவே தனக்கோடிக்கு அந்த வேர்வைத் துரையைப் பிடித்துப்போனது.

துறையில் செங்கல்வராயன் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். பிள்ளைக்கு இப்போதே ஒரு குட்டி வலை பின்னி வைத்திருக்கிற ஆள். எப்படிச் சொல்வது? சுற்றி வளைக்கத் தெரியாமல் நேராகவே சொன்னாள். "புள்ள இல்லய்யா. தண்ணிப் பை."

அவன் முகம் வெளுத்தது. "செத்துப் போயிடுவியா?"

"இப்போதைக்கு இல்லையாம்."

"நெசமா? தொர சொன்னாரா?"

"சொன்னாரு."

அவன் அப்படியே படகோரத்தில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப படகுல ஏறு மே. எதுக்குத் தண்ணில நனையணும்?" என்றான்.

இத்தனை வருஷத்தில் அவன் சொன்ன எதுவும் அவளுக்கு இவ்வளவு இனித்ததில்லை. ஏறினாள்.

படகு குப்பத்தை நெருங்கும்போது கரையில் கூட்டம் கூடிவிட்டது. வளையல் போட்டவள் படகில் உட்கார்ந்து வருகிறாள்! கூச்சல் கிளம்பியது. முன்னால் முத்தம்மாள், இடுப்பில் கை. தனக்கோடி படகிலேயே எழுந்து நின்றாள். "புள்ள இல்ல," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "சினை ஊறுற எடத்துல தண்ணி கோத்துக்கினு இருக்குது. அன்னிக்கு வந்த மீனு தானா வந்த மீனு. இனிமே யாரும் என் வயித்தப் பாத்துப் பாடு கேக்காதீங்க."

கூச்சல் நின்றது. முத்தம்மாள் ஒன்றுமே பேசாமல் திரும்பி வீட்டைப் பார்க்க நடந்தாள். முத்தம்மாள் பேசாமல் போவதை நண்டுக்குப்பம் அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தது.

சாயங்காலம் வரை அவள் வாய் திறக்கவில்லை. தனக்கோடி அடுப்பருகில் உட்கார்ந்து, ஆரம்பாக்கம் என்ற பேர் எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தாள். வந்தால் சண்டை போடுவதா, பெட்டியைத் தூக்குவதா என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். செங்கல்வராயன் வலை காயப்போட வெளியே போனதும் முத்தம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கதவைப் பார்த்தாள். பிறகு மருமகளின் கையைப் பிடித்து, தன் புடவைக்குள் அடிவயிற்றில் வைத்து அழுத்தினாள்.

கையில் தட்டுப்பட்டது. தேங்காய் அளவு இருக்கும்.

"ரெண்டு வருசமா இருக்குது," என்றாள் முத்தம்மாள். "இதுவும் அதானா?"

கணக்குத் தப்பு, வாயை மூடு, சோத்தைத் தின்னு என்று அதட்டியதெல்லாம் எதற்கு என்று இப்போது புரிந்தது. மருமகள் வயிற்றில் இருப்பது பிள்ளையாகவே இருந்துவிட்டால், தன் வயிற்றில் இருப்பதைப் பற்றி யாரும் கேட்க வேண்டியதில்லை. இத்தனை நாளாக இவள் மேல் வைத்திருந்த கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

"தெரியல அத்தே. நாளைக்குப் போயி காட்டலாம். இன்னாக் கேக்கணுமோ எல்லாம் கேட்டுடலாம்."

"தொர குத்தற ஊசி பெருசா இருக்குமாமே, உன் புருசன் சொன்னான்?"

"பெருசுதான். வேணாம்னா வேணாம்னு சொல்லலாம். நம்மளத்தான் கேப்பாரு."

முத்தம்மாள் ஒரு சுள்ளியை எடுத்து அடுப்புக்குள் தள்ளினாள். குப்பத்தையே வாயால் ஆண்டவளின் குரல் பக்கத்தில் இருந்தவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"நீ கேளு," என்றாள். "எனக்குக் கேக்க வராது."